வண்டிக்கு வார்த்த பால்

காரின் சிவப்பு எச்சரிக்கை முக்கோணம் மறுபடியும் எரிந்தது. தலைநகர் உலான்பாத்தரின் எல்லையைக்கூட இன்னும் தாண்டவில்லை. யோந்தோன் வாத்தியார் ஸ்டியரிங்கை ஓங்கி அடித்தார். வலித்தது அவருக்குத்தான். கார் தன்பாட்டுக்கு வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓரம் ஒதுங்கியது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனிலேயே அவர் பரம்பரையை விசாரித்துவிட்டுத் தாண்டிப் போனான்.

பின் சீட்டில் மாமியார் செவெல்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பால் கேன், கையில் கரண்டி.

“நின்னுருச்சா மாப்பிள்ளை?”

“நிக்கல அத்தை. களைப்பா இருக்காம், உக்காந்திருக்கு.”

அந்த அம்மாள் பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். இந்தப் பெருமூச்சு இதோடு மூன்றாவது தடவை.

முதல் தடவை கிளம்பியபோது நூறு கிலோமீட்டர் போனார்கள். இரண்டாம் தடவை முப்பது. இன்று ஒன்பது. அர்ஹாங்காயில் இருக்கும் மாமியாரின் கூடாரத்துக்கு நானூற்றைம்பது. பூகோள வாத்தியாருக்கு இந்தக் கணக்குப் புரியாமல் இல்லை. அடுத்த தடவை வண்டி வாசலிலேயே படுத்துவிடும், அவ்வளவுதான்.

மாமியார் கண் ஆபரேஷனுக்காக மே மாதம் வந்தவள். பத்து நாள் என்றுதான் பேச்சு. ஆபரேஷன் முடிந்து, கட்டுப் பிரித்து, டாக்டரே போய் வாருங்கள் என்று சொல்லி ஆறு வாரம் ஆகிவிட்டது. வீடு ஒரே அறை, ஒரு சமையலறை. அறையில் அம்மாவும் மகளும். சமையலறைத் தரையில் யோந்தோன், ஃபிரிட்ஜ் பக்கம் தலை, மேஜைக்கு அடியில் கால். காலை ஐந்து மணிக்கு மாமியார் அவரைத் தாண்டிப் போய் அடுப்பைப் பற்றவைத்து உப்புத் தேநீர் காய்ச்சுவாள். நாற்பத்தெட்டு வயதில், சொந்த வீட்டில், ஒரு மனுஷனை எத்தனை நாளைக்குத்தான் தாண்டுவார்கள்?

பஸ்ஸில் அனுப்பலாம் என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார். மனைவி நோர்ஜின் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள், அதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம். போதாததற்கு மச்சானிடம் போனில், “உங்கம்மாவ நானே கொண்டாந்து விடுறேன், நம்ம கார் இருக்கையிலே என்ன கவலை” என்று வீரம் வேறு பேசிவைத்திருந்தார்.

அந்தக் கார். ஜப்பானில் யாரோ பன்னிரண்டு வருஷம் ஓட்டிச் சலித்து, கப்பலேற்றி அனுப்பிய ஹைப்ரிட். ஊரில் பாதிப் பேரிடம் அதே கார்தான், அவர்களுக்கெல்லாம் ஓடுகிறது. சாவி போட்டால் உள்ளே ஒரு ஜப்பான்காரி பணிவாக நாலு வார்த்தை பேசுவாள். என்ன சொல்கிறாள் என்று ஏழு வருஷமாகத் தெரியாது. முதல் வருஷம் இனிமையாக இருந்த குரல், இப்போது கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வைத்தியம் பார்க்காமலும் இல்லை. முதல் தடவை நின்றபோது பள்ளிக்கூடத்து டிரைவர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, பின் சீட்டோரம் இருக்கும் காற்று ஓட்டையை மூட்டைகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன, அதனால் சீட்டுக்கு அடியில் பேட்டரி சூடாகிறது என்றார். யோந்தோன் மூட்டைகளையெல்லாம் கூரைமேல் ஏற்றினார். மாமியாரை உட்காரவைத்து வகுப்பே எடுத்தார்.

“அத்தை, நல்லாக் கேளுங்க. இந்த ஓட்டைய அடைக்கவே கூடாது. இந்த வண்டியோட உயிர் இங்கதான் இருக்கு. இது வழியாத்தான் மூச்சு விடுது.”

மடாலயத்தில் லாமா சொல்வதைக் கேட்பது போல அந்த அம்மாள் கேட்டுக்கொண்டாள்.

இரண்டாம் தடவை நின்றதும் மெக்கானிக் ஒச்சிரிடம் கொண்டுபோனார். அவன் நசுங்கிய கார் ஒன்றிலிருந்து கழற்றிய பேட்டரிச் செல்களை இதில் மாட்டினான். விளக்கு அணைந்தது, ஆனால் கார் முன்பு முனகாத இடத்திலெல்லாம் முனக ஆரம்பித்தது. அதன்பிறகு யோந்தோன் யாரையும் நம்பவில்லை. இந்த முறை தானே ஸ்குரூடிரைவரை எடுத்து, அந்த ஓட்டையின் மேலிருந்த சல்லடை மூடியைக் கழற்றி எறிந்தார். நல்லா மூச்சு விடட்டும் சனியன் என்றார். தன் மூளையை நினைத்து அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

கிளம்பும்போதெல்லாம், பயணம் நல்லபடி முடிய வேண்டி, பால் தெளிப்பு நடந்தது. நோர்ஜின் வாசலில் நின்று வண்டி போகும் திசையில் தெளிப்பாள், அது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். மாமியாருக்கு அது போதாது. தன் கரண்டியோடு காரைச் சுற்றி வருவாள். நாலு சக்கரம், முன்மூடி, அப்புறம் உள்ளே. யோந்தோன் கூரைமேல் கயிறு கட்டிக்கொண்டிருப்பார், அதையெல்லாம் பார்க்க அவருக்குப் பொறுமை கிடையாது. சக்கரத்தில் வழிந்த பாலை நக்க அடுக்குமாடிப் பூனைகள் அத்தனையும் கூடிவிடும், அவற்றை விரட்டுவதும் அவர் வேலைதான்.

கயிறு கட்டி இழுத்துக்கொண்டு மறுபடியும் ஒச்சிரின் கொட்டகைக்கு வந்து சேர்ந்து, கூரை மூட்டைகளை வாசலில் இறக்கிவைத்தார்கள். ஒச்சிர் பின் சீட்டைக் கழற்ற ஆரம்பித்தான். யோந்தோன் நோர்ஜினுக்குப் போன் போட்டுக்கொண்டு வெளியே போனார். அரைமணி நேரம் முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, காரைத் திட்டினார், கப்பலைத் திட்டினார், கண் டாக்டரையும் விடவில்லை. பக்கத்துக் குடிசை நாய் முதலில் குரைத்துப் பார்த்தது, பிறகு இந்த ஆளோடு போட்டி போட முடியாது என்று படுத்துவிட்டது. உள்ளே மாமியாரும் ஒச்சிரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் திரும்பி வந்தபோது ஒச்சிர் பேட்டரியின் ஃபேனைக் கையில் பிடித்திருந்தான். அது சுற்றவில்லை. இறக்கைகளில் வெள்ளையும் பழுப்புமாக ஏதோ தடிமனாக ஒட்டியிருந்தது. அதன்மேல் கம்பளி மயிரும் தூசியும்.

“என்னடா இது?”

ஒச்சிர் மோந்து பார்த்தான். “தயிர்.”

“தயிரா?”

“இன்னும் நாலு நாள் விட்டிருந்தா காஞ்சு, ஆருல் தயிர்க்கட்டியாவே எடுத்துத் தின்னிருக்கலாம். பால் வாத்தியாரே. லிட்டர் கணக்கா உள்ள போயிருக்கு. போன தடவ லேசா ஈரமிருந்துச்சு, தேநீர் சிந்தினதுன்னு நெனச்சேன். இந்தத் தடவ ரொம்ப அதிகம், சல்லடையும் இல்லாததாலே நேரா இறங்கியிருக்கு.”

யோந்தோன் மெல்லத் திரும்பினார். மாமியார் கவிழ்த்துப் போட்ட டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

“அத்தை. நீங்களா?”

“நீங்கதானே உயிர் அங்க இருக்குன்னீங்க,” என்றாள் அந்த அம்மாள். “உயிர விட்டுட்டுச் சக்கரத்துக்கு மட்டும் தெளிச்சா என்ன பிரயோஜனம்?”

ஆறு வாரமாக அடக்கிவைத்திருந்தது எல்லாம் அவருக்குத் தொண்டைக்கு வந்துவிட்டது. அடக்கிவைத்ததாக அவர்தான் நினைத்துக்கொண்டிருந்தார். சமையலறைத் தரையைச் சொன்னார். ஐந்து மணித் தேநீரைச் சொன்னார். தன் முதுகைச் சொன்னார். விடிவதற்குள் மூட்டை கட்டி வாசலில் வைத்துக்கொண்டு காத்திருப்பதும், கார் நின்றதும் பெருமூச்சு விடுவதும் பச்சை நாடகம் என்றார். படிக்காதவள் மாதிரி நடித்து, ஒரு வாத்தியாரையே முட்டாளாக்கிவிட்டாள் என்றார். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது.

செவெல்மா எழுந்தாள், பால் கேனை எடுத்துக்கொண்டாள், கதவைத் தாண்டி வெளியே போய்த் தன் மூட்டைகளின்மேல் உட்கார்ந்தாள். முகத்தை ஊர் இருக்கும் மேற்குப் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

யோந்தோன் ஒச்சிர் பக்கம் திரும்பினார்.

“பாத்தியா ஒச்சிர்? பதில் இருக்கா பாரு. ஊருக்குப் போக மனசில்ல. பட்டணத்துச் சொகுசு கண்டுபோச்சு. அதுக்கு என் காரைப் பாலை ஊத்திக் கொன்னுருக்கா.”

ஒச்சிர் ஃபேனைக் கீழே வைத்துவிட்டு, கைத் துணியில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டான்.

“நீங்க வெளிய கத்திக்கிட்டு இருந்தப்போ அந்தம்மா எங்கிட்டச் சொன்னாங்க வாத்தியாரே. உங்ககிட்டேருந்து தப்பிச்சு ஊர் போய்ச் சேந்தாப் போதும்னுதான் தடவைக்கு ஒரு கரண்டி கூடக் கூட ஊத்துனாங்களாம்.”