எதுக்கு அக்காவும் ஆறு பேரின் பட்டியலும்

மன்னார்த் தீவில் தன்னைப் பற்றி ஒரு விபரமும் எழுதிக் கொடுக்காமல் யுத்த காலத்தைக் கடந்த உயிர்கள் இரண்டே வகை. ஒன்று, பட்டினத் தெருக்களில் திரியும் கழுதைகள். மற்றது எதுக்கு அக்கா.

தாழ்வுபாட்டுக் கிராமத்தில் கருவாடு போடுகிறவர். வயது நாற்பதோ ஐம்பதோ, அதையும் சொல்லமாட்டார். நாங்கள் ஆறு பேர் சனிக்கிழமை பின்னேரங்களில் காசு கட்டிப் போன் பேசும் ஒரு கொமினிக்கேசன் கடையின் பின்னறையில் கூடுவோம். எங்களுக்குப் பெயர் டிஜிட்டல் உரிமை வலையமைப்பு. கடையில் இரண்டு கொம்பியூட்டர்கள். கரண்ட் இருக்கும் நாளில் டெலிபோன் லைன் இருக்காது. லைன் இருக்கும் நாளில் கரண்ட் இருக்காது. ஆகையால் கொழும்பிலிருந்து வரும் போட்டோக்கொப்பிக் கட்டைச் சத்தமாக வாசிப்போம். கடவுச்சொல்லை எப்படி வைப்பது, அனுப்பும் கடிதத்தை வழியில் யார் யார் பார்க்கலாம் என்றெல்லாம் இருக்கும். வாசித்த அன்றே நான் என் மகளின் பெயரைக் கடவுச்சொல்லாக வைத்தேன். அவளுக்கு அப்போது எட்டு மாதம். ஊர் முழுக்கத் தெரிந்த பெயர்.

எதுக்கு அக்கா கொம்பியூட்டரைத் தொட்டதே இல்லை. அனுப்பின காசு வந்ததா என்று மகனிடம் போனில் கேட்க வந்தவர், வாசிப்புச் சத்தம் கேட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். முதற்பக்கத்தில் மூன்று கேள்விகள் இருந்தன. உங்கள் விபரத்தை யாராவது கேட்டால் திருப்பிக் கேளுங்கள்: எதற்காக? யார் வைத்திருப்பார்கள்? எப்போது அழிப்பார்கள்? நாங்கள் வாசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினோம். அவர் திருப்பவில்லை.

அடுத்த கிழமை கிளினிக்கில் என் மகளை நிறுக்கக் கொண்டுபோனபோது அவரும் கூட வந்தார். தாதி தகப்பனின் அடையாள அட்டை இலக்கம் கேட்டார்.

"பிள்ளையை நிறுக்கிறதுக்குத் தேப்பன்ரை நம்பர் எதுக்கு மிஸ்?"

"படிவத்திலை இடம் இருக்கு அக்கா."

"இடம் இருந்தால் ஒரு பூவைக் கீறி விடுங்கோ."

நான் தலையைக் குனிந்துகொண்டு என் கணவரின் இலக்கத்தைச் சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவருக்கு அந்தப் பெயர்.

பங்குச் சுவாமி நிவாரணப் பால்மாவுக்கு வீடு வீடாகக் கொப்பியில் பெயர் எழுதி வந்தார். "எங்களை ஆண்டவருக்குத் தெரியும்தானே ஃபாதர், பிறகு கொப்பி எதுக்கு?" என்று அக்கா கேட்டார். சுவாமி கொப்பியை மூடிவிட்டுப் பால்மாவைக் கொடுத்தார்.

பாலத்தடிச் சென்றியில், இராணுவச் சோதனையில்தான் எனக்கு உயிர் போனது. சிப்பாய் பழைய கொப்பியொன்றில் பெயர் எழுதிக்கொண்டிருந்தான். அக்கா "மொகட்டத மாத்தயா?" என்றார். எதற்கு ஐயா என்று கேட்கும் அளவுக்கு மட்டும் அவருக்குச் சிங்களம் தெரியும். சிப்பாய் கோப்ரலைப் பார்த்தான். கோப்ரலுக்கும் தெரியவில்லை. இருபது பேர் வெயிலில். என் கையில் பிள்ளை கத்துகிறது.

"அக்கா, வாயை மூடிக்கொண்டு வாங்கோ, பிள்ளை காயுது."

"நான் என்ன அவனோடை சண்டையே பிடிச்சனான்? கேட்டனான்."

எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது. கொப்பி வைத்திருந்தவன் மேல் வரவில்லை. நான் அப்படித்தான் வளர்ந்திருந்தேன். கேட்டால் கொடுக்கவேண்டும், தெளிவான எழுத்தில் கொடுக்கவேண்டும்.

அந்த லட்சணத்தில் எங்கள் குழுவுக்குச் செயலாளரும் நான்தான். ஒருநாள் கொழும்பிலிருந்து வலையமைப்பின் ஒருங்கிணைப்பாளர் சேர் ஒரு படிவம் அனுப்பினார். வாசிப்பு வட்டத்தில் இருப்பவர்களின் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம், தொலைபேசி, கையொப்பம், ஒட்டிய படம். விபரத்தைக் கண்டபடி கொடுக்காதே என்று எட்டு மாதம் எங்களுக்குப் பக்கம் பக்கமாக அனுப்பிய அதே மனிதர்.

அந்த ஆண்டுகளில் ஒரு தாளில் பெயர் இருப்பது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். தாளோடு வந்தார்கள். வாசலில் நின்று பெயரை வாசித்தார்கள். வாசிக்கப்பட்டவர் செருப்புப் போடவும் நேரமில்லாமல் போனார். குழுவில் என் கணவரும் ஒருவர். வயது இருபத்தாறு. அந்த வயதே அப்போது ஒரு குற்றம்.

தெரிந்துகொண்டே எழுதினேன். அதுதான் இன்றைக்கும் ஆறாத ஆத்திரம். கோடு போட்டு, மை கசியாமல், என் கணவரின் படத்தைப் பசை தடவி நேராக ஒட்டினேன். மற்ற நாலு பேரும் செயலாளர் கேட்கிறாள் என்று கையொப்பம் வைத்தார்கள். ஆறாம் இலக்கம் எதுக்கு அக்கா. அவருக்கு நேரே 'விபரம் தர மறுத்துவிட்டார்' என்று உண்மையை எழுதினேன். எவனாவது அந்தத் தாளைப் பிடித்திருந்தால் முதலில் தேடியிருக்கக்கூடிய ஆள் அவர்தான்.

தபாலை உடைத்துப் பார்ப்பார்கள் என்று பயந்து, கொழும்புக்குக் கருவாடு கொண்டுபோகிற ஒருவரிடம் உறையைக் கொடுத்தேன். அந்த ஒருவர் எதுக்கு அக்கா.

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வாங்கித் தன் ஓலைக் கடகத்தில் வைத்தார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

மறுநாள் மத்தியானம், மதவாச்சியிலிருந்து திரும்பிய ஒருவர் கடையில் சொன்னார்: "தாழ்வுபாட்டுக் கருவாட்டுக்காரியை செக்பொயின்ற்றிலை மறிச்சு வைச்சிருக்கிறாங்கள்."

மதவாச்சியில் மூட்டையெல்லாம் இறக்கிக் கிண்டிப் பார்த்த பிறகுதான் வேறு பஸ்ஸில் ஏற விடுவார்கள். நான் வீட்டுக்கு ஓடினேன். கணவர் குழந்தைக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தார். "பாப்பாமோட்டையிலை பெரியம்மா வீட்டை போய் நில்லுங்கோ" என்றேன். "அங்கை போறதுக்கும் சென்றி தாண்டவேணும், அங்கையும் பெயர் எழுதவேணும்" என்றார். ஒரு சோடி உடுப்பைப் பையில் வைப்பதும் எடுப்பதுமாக இரண்டு நாள். வீதியில் வாகனம் நின்றால் பிள்ளையைத் தூக்கி அவர் கையில் கொடுப்பேன். பிள்ளையோடு நிற்கிறவனைக் கொண்டுபோகமாட்டார்கள் என்று ஒரு கணக்கு. பிழையான கணக்கு, தெரியும்.

மூன்றாம் நாள் பின்னேரம் எதுக்கு அக்கா படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"கடிதம் எங்கை அக்கா?"

"வெளிக்கிட முதலே கிழிச்சு உப்புத் தண்ணிப் பீப்பாக்குள்ளை போட்டிட்டன். இந்தா, உன்ரை மனுசன்ரை படம். உரிச்சு எடுத்தனான். படத்திலை கொஞ்சம் வடிவாய்த்தான் இருக்கிறார்."

"ஒட்டின கடிதத்தைப் பிரிச்சனீங்களோ?"

"எட்டு மாசம் வாசிக்கப் பழக்கிப்போட்டு வாசிக்காதை எண்டால் எப்பிடி? என்னைப் பற்றி எழுதினதையும் வாசிச்சனான்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தால் இன்னொண்டு எழுதியிருப்பாய்."

எழுதியிருப்பேன். அதனால் கோபம் இன்னும் கூடியது. "பிறகு எதுக்கு உங்களை மறிச்சவங்கள்?"

"கருவாட்டுக் கடகத்தைத் திறக்கச் சொன்னவன் தன்ரை கொப்பியிலை என்ரை விபரம் எழுத வந்தான். பக்கத்திலை நிண்ட பெடியனைச் சிங்களத்திலை சொல்லவைச்சு மூண்டு கேள்வியையும் கேட்டனான். மூண்டாவதுக்கு மறிச்சுப்போட்டான்."

"இந்த நேரத்திலை அதைக் கேக்கவேணுமோ அக்கா? நாங்கள் இஞ்சை செத்துப் பிழைச்சனாங்கள்."

"எடியே, உன்ரை தாள் கடகத்துக்குள்ளை இருந்திருந்தால் நான் வாயே திறந்திருக்கமாட்டன். ஒண்டும் இல்லாத படியால்தானே கேட்டனான்."

என் கணவர் சிரித்தார். இரண்டு நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதற் சிரிப்பு. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அங்கேயே இருந்து ஒருங்கிணைப்பாளர் சேருக்குக் கடிதம் எழுதினேன். அவருடைய மூன்று கேள்விகளையும் அவரிடமே கேட்டேன். ஐந்து பேரின் உயிரை எந்த அலுமாரிக்குள் வைத்துப் பூட்டப்போகிறீர்கள் என்று நாலாவதையும் சேர்த்தேன். முடிக்கிற இடத்தில் எதுக்கு அக்கா எட்டிப் பார்த்து, "கீழை பேர் போட்டிடாதை" என்றார். போடவில்லை. பதிலும் வரவில்லை. அடுத்த மாதத்திலிருந்து வாசிப்புக் கட்டும் வரவில்லை. பழையதையே திரும்பத் திரும்ப வாசித்தோம்.

அதெல்லாம் பிறகு. அன்று கடிதத்தை மடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவருடைய கால்களைப் பார்த்தேன். கதிரையில் இருந்தபடி இரண்டையும் சிமெந்துத் தரையின் குளிரில் அழுத்தி வைத்திருந்தார். கணுக்கால் தெரியாத அளவுக்கு வீங்கியிருந்தன.

"இருக்க விடேல்லையோ அக்கா?"

"வெயிலுக்கை நிக்கச் சொன்னாங்கள். நிண்டனான்."

நல்லெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்து தரையில் இருந்தேன். ஒரு காலைத் தூக்கி என் மடியில் வைத்தேன். அவர் இழுத்துக்கொண்டார்.

"விடு பிள்ளை, கருவாடு மிதிச்ச கால். சட்டை மணக்கும்."

"மணக்கட்டும்" என்றேன். மற்றக் காலையும் எடுத்து வைத்தேன்.