முன்வாசல் எக்ஸ்பாட், பின்வாசல் மைக்ரண்ட்

நெருப்பைக் கண்டுபிடித்த மகான் யாரென்று தெரியாது. ஆனால் வெளிநாட்டுக்காரர்களை ஆங்கிலத்தில் என்ன சொல்லி அழைப்பது என்று கண்டுபிடித்தவர் நம் பம்பு கம்பெனியின் பணியாளர் நல மேலாளர்தான். அதில் சந்தேகமே வேண்டாம்.

அவருடைய 'திட்டம்' லேசுப்பட்டதல்ல. கம்பெனி இருக்கும் நாட்டைவிடப் பணக்கார நாட்டிலிருந்து வேலைக்கு வருகிறவர் 'எக்ஸ்பாட்'. அவருக்கு முன்வாசல், லிஃப்ட், தனி அறை. ஏழை நாட்டிலிருந்து வருகிறவர் 'மைக்ரண்ட்'. பின்வாசல், மாடிப்படி, ஆறு பேருக்கு ஓர் அறை. படிப்பு, அனுபவம் போன்ற அற்ப விஷயங்களைத் திட்டம் தொடவில்லை.

"ரெண்டு பேரும் இன்ஜினியர் வேலைக்குத்தானே சார் வந்திருக்காங்க?" என்று கூட்டத்தில் கணக்குப் பிரிவு அம்மாள் கேட்டு வைத்தார்.

"வேலை ஒண்ணுதாம்மா. வந்த திசை வேற இல்ல?"

கூட்டம் கைதட்டியது. காபி வந்துவிட்டதும் ஒரு காரணம்.

வீட்டில் மனைவி ஆசையாகக் கேட்டாள். "என் தம்பிகூட வெளிநாட்டுல உங்க ஹெட் ஆபீஸ்லதானே இருக்கான். அவனும் எக்ஸ்பாட்டாங்க?"

"உன் தம்பியா? பெட்டி தூக்கறவன். சுத்தமான மைக்ரண்ட்!"

அன்று சாப்பாட்டில் உப்பு இல்லை.

திட்டம் ஹெட் ஆபீசுக்குப் பிடித்துப்போய், எல்லாக் கிளைகளிலும் அமலுக்கு வந்தது. மேலாளரையும் அங்கேயே கூப்பிட்டுக்கொண்டார்கள். வருஷக்கணக்காக அவர் ஏங்கிக் கிடந்த பதவி! புதுக் கோட்டு தைத்தார். "எக்ஸ்பாட்டா போறேன்" என்று பால்காரரிடம்கூடச் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார்.

ஹெட் ஆபீசின் முன்வாசலில் இருந்த பெண் அவருடைய பாஸ்போர்ட்டைப் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த பலகையைக் காட்டினாள். அவருடைய திட்டம் ஒரு எழுத்துக்கூட மாறாமல், அவர் கையெழுத்தோடு தொங்கியது.

"அம்மா, இதை எழுதினதே நான்தான்!"

"ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க சார். பின்வாசல் அந்தப் பக்கம்."

பின்வாசலில் முதுகில் பம்புப் பெட்டியோடு நின்ற மச்சினன், பெட்டியை இறக்கிவிட்டு ஓடிவந்தான்.

"வாங்க மாமா! முன்வாசலுக்கே வந்து கூட்டிட்டு வரணும்னு இருந்தேன். எங்களை அங்க விடறதில்ல. போன மாசம் வரைக்கும் எல்லாரும் ஒரே வாசல், ஒரே லிஃப்டு. இப்போ நாலு மாடியும் முதுகுலதான் ஏத்தறோம். எவனோ ஒரு புண்ணியவான் எழுதிக் குடுத்தானாம்." மச்சினன் அவர் சூட்கேசைத் தோளில் ஏற்றிக்கொண்டான். "அதைப் பலகையில எழுதி இங்கயும் மாட்டியிருக்காங்க, எனக்குப் படிக்கத் தெரியாது மாமா. நீங்க படிச்சவரு, அவன் பேர் என்னன்னு பார்த்துச் சொல்லுங்க."