மாமனாரின் ரீஃபண்ட்

ஹெட்போனில் கேட்பது மாமனாரின் குரல் என்று மாப்பிள்ளைக்கு உறைத்தபோது, "வணக்கம், ரீஃபண்ட் பிரிவு" என்று அவன் சொல்லி முடித்திருந்தான்.

"கொரோனா சமயத்துல ரெண்டு டிக்கெட் போட்டேன் தம்பி. ஃபிளைட்டை நீங்களே கேன்சல் பண்ணிட்டு, பணத்துக்குப் பதிலா, அடுத்த டிக்கெட்டுல கழிச்சுக்கச் சொல்லி கிரெடிட்னு ஒண்ணு குடுத்தீங்க. அதை வச்சு என்ன பண்றது? ஊறுகாயா போட முடியும்? எனக்குப் பணமா வேணும்."

மாப்பிள்ளை அவசரமாகக் குரலைத் தடிப்பாக்கிக்கொண்டான். சொந்தக்காரர்களின் டிக்கெட்டைத் தொடக் கூடாது என்பது அந்த விமான நிறுவனத்தின் விதி. தொட்டால் வேலை போய்விடும். அவனோ வீட்டோட மாப்பிள்ளை. வேலையும் போனால் அந்த வீட்டில் எந்த முகத்தோடு சாப்பிட உட்காருவது?

அழைப்பை வேறு ஆளுக்கு மாற்றிவிட விரல் பொத்தானுக்குப் போனது.

"என் மாப்பிள்ளையும் உங்க கம்பெனிதான்" என்றார் மாமனார்.

விரல் நின்றுவிட்டது. "அப்படியா சார்? அவர்கிட்டயே சொல்லலாமே?"

"சொன்னேன். பாத்துக்கறேன் மாமான்னான். அன்னைலேருந்து பாத்துக்கிட்டேதான் இருக்கான்."

வீட்டில் அவர் 'வாங்க மாப்பிள்ளை', 'உக்காருங்க மாப்பிள்ளை' என்பதைத் தாண்டிப் பேசியதே இல்லை. 'இருக்கான்' அவனுக்குப் புதிதாக இருந்தது.

அவர் வாயை அடைக்க, விதியையும் மறந்து கிரெடிட்டின் கெடுவை ஒரு வருடம் நீட்டிக் கொடுத்தான். நீட்டியதால் அந்த விவகாரம் அவன் பொறுப்பில் ஏறிக்கொண்டது. இனி இந்த வாடிக்கையாளர் எப்போது கூப்பிட்டாலும் அழைப்பு நேராக உங்களுக்கே வரும் என்று கணினி பச்சை எழுத்தில் வாழ்த்தியது.

மாமனார் மறுநாளே கூப்பிட்டார்.

"ஒரு வருஷம் நீட்டியிருக்கீங்க தம்பி. என் ஆயுசையும் சேத்து நீட்டியிருந்தா நல்லாருக்கும்."

"உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் சார்." இது நிறுவனம் எழுதிக் கொடுத்த வாக்கியம். வாடிக்கையாளர் எந்தக் குறை சொன்னாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

"சிரமம் ஒண்ணா ரெண்டா? குளிச்சிட்டு ஈரத் துண்டைக் கொண்டுவந்து சோபாவுல போடுறான்."

"யார் சார்?"

"மாப்பிள்ளைதான்."

மாப்பிள்ளை சுற்றிலும் பார்த்தான். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் சார்."

"தண்ணி மோட்டாரைப் போட்டுட்டுத் தூங்கிடுறான். குறட்டை மோட்டாரை விடப் பெருசா கேக்குது."

"உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் சார்."

"இனிமே நடக்காதுல்ல?"

"நடக்காது சார்."

அன்று மாலை துண்டைக் கொடியில் காயப்போட்டான். மனைவி நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். "உடம்பு சரியில்லையா?"

மாமனார் அவனைப் பார்த்து, "உக்காருங்க மாப்பிள்ளை" என்றார்.

ஆனாலும் அழைப்பு நிற்கவில்லை. காரை வாசலை அடைத்து நிறுத்துவது, மகள் வழி சொன்னால் கேட்காமல் சந்து சந்தாகச் சுற்றுவது, அடுத்தவர் பேப்பரை முதலில் பிரித்துக் கசக்கி வைப்பது என்று தினம் ஒன்று வந்தது.

"இதையெல்லாம் நீங்க அவர்கிட்டயே சொல்லலாமே சார்" என்றான் பொறுக்க முடியாமல்.

"சொல்ல வேண்டிய இடத்துல சொல்லிட்டுத்தான் தம்பி இருக்கேன்."

இதற்கிடையில் மாமனார் அவனுடைய சேவைக்கு ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டார். டீம் லீடர் அம்மாள் பூரித்துப்போய், பொறுமைக்கு இதுதான் இலக்கணம் என்று பதிவாகியிருந்த அந்த உரையாடலை ஊழியர்கள் எல்லோருக்கும் ஒலிபரப்பினார். குறட்டை வரை ஒன்று விடாமல் ஓடியது.

"அந்த மாப்பிள்ளை ஒரு ஜென்மமா?" என்றான் பக்கத்து இருக்கைக்காரன். "நானா இருந்தா பெட்டியைத் தூக்கி வெளிய வச்சிருப்பேன்."

"அவர் தரப்புலயும் ஏதாவது நியாயம் இருக்கும்ல?"

"குறட்டைக்கு என்னடா நியாயம்?"

இனி ஒரே வழிதான் இருந்தது. பணத்தைக் கொடுத்துத் தொலைக்க வேண்டும். டீம் லீடரிடம் போய், பெரியவர், பாவம், கிரெடிட்டைப் பணமாக்கிக் கொடுங்கள் என்று கெஞ்சினான். "விதியில இடமில்லையே" என்றவர், அந்த ஐந்து நட்சத்திரத்தை நினைத்து இளகினார். "பணம் ஒழுங்காப் போய்ச் சேர்றதுக்கு நீங்க பொறுப்பு" என்று சொல்லி அனுமதித்தார்.

பணம் அனுப்பியாகிவிட்டது. அன்றிரவு மாப்பிள்ளை நிம்மதியாகக் குறட்டை விட்டான்.

அடுத்த வாரம் ஹெட்போனில், "பணம் வரலையே தம்பி" என்றார் மாமனார். "அது கெடக்கட்டும். நேத்து குக்கர்ல கை வைக்கிறேன்னு போய், அடுப்படியையே நாசம் பண்ணிட்டான்."

மாப்பிள்ளை பதிவைத் திறந்து பார்த்தான். கணினி 'செலுத்தப்பட்டது' என்றது. வங்கியில் விசாரித்தால் அவர்களும் அதையே சொன்னார்கள். மாமனாரோ வரவில்லை, வரவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று வாரம் இப்படியே போனது. "வேற யாரோட கணக்குக்காவது போட்டுட்டீங்களா?" என்று டீம் லீடர் கேட்ட விதம் நன்றாக இல்லை. நாளைக்குள் விவரம் தெரியாவிட்டால் விசாரணை என்றார். விசாரணை என்று வந்தால், வாடிக்கையாளர் யார், இவன் யார் என்பதும் வெளியே வந்துவிடும்.

வீட்டுக்குப் போனவன் நேராகச் சமையலறைக்குள் நுழைந்தான். மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, மாமாவுக்கு ஏதோ டிக்கெட் பணம் வரணும்னு கேள்விப்பட்டேன். வந்துச்சா?" என்றான், சும்மா கேட்பவன்போல.

மாமியார் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அது வந்து ஒரு மாசமாச்சு மாப்பிள்ளை, முதல் நாளே உங்க குரல்தான்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு, வீட்டு மாப்பிள்ளையை நேர்ல திட்டினா மரியாதையா இருக்காதுன்னுதான் ஆபீஸ் நம்பருக்குப் போட்டுத் திட்டிட்டு இருக்காரு."