சும்மா குழாய்

வெள்ளைப் பீங்கான் தட்டில் விட்ட சொட்டு நீலமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை, பழுப்பாகவே கிடந்தது. பேராசிரியர் தட்டைப் பார்த்தார், பிறகு தன் ஆய்வு மாணவியைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"தெரியல சார். போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

"போன வாரம் நான் வரலையே!"

ஆய்வு ஒன்றும் பெரிய புதிர் அல்ல. மாவுச்சத்துக் கரைசலில் ஒரு நொதியைச் சேர்த்தால் அது மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கும். எவ்வளவு வேகமாக உடைக்கிறது என்று அளக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு சொட்டு எடுத்து அயோடினில் விட்டால், மாவுச்சத்து இருக்கும்வரை நீலம், தீர்ந்துவிட்டால் பழுப்பு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, நொதியே சேர்க்காத குழாய் ஒன்றும் வரிசையின் ஓரத்தில் நிற்கும். அதற்கு ஆய்வகத்தில் 'சும்மா குழாய்' என்று பெயர். அது கடைசிவரை நீலமே காட்ட வேண்டும். சும்மா இருப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. அந்த ஒரு வேலையைத்தான் அது செய்ய மாட்டேன் என்றது.

அது கெட்டால் பக்கத்துக் குழாய்களின் கணக்கெல்லாம் குப்பை. வெள்ளிக்கிழமை மாணவியின் ஆய்வேடு மதிப்பீட்டுக்கு வெளியே போகிறது. ஐந்து வருட உழைப்பு. குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து செய்தது. பட்டம் வந்தால் உடனே சேர ஒரு வேலையும் காத்திருந்தது.

அவள் சேர்ந்ததிலிருந்தே நிர்வாகப் பொறுப்பில் மாடியிலேயே இருந்த பேராசிரியர், கையெழுத்துப் போடும் முன் எல்லாவற்றையும் தன் கண்ணால் பார்த்துவிடுவது என்று திங்கட்கிழமைதான் கீழே இறங்கி வந்திருந்தார்.

"தண்ணிதான் சரியில்ல. மாத்து" என்றார்.

செவ்வாய்க்கிழமை தண்ணீரை மாற்றினார்கள். இந்த முறை ஒன்றும் தவறக்கூடாது என்று பேராசிரியர் குழாய்களின் தலைமாட்டிலேயே நின்று, குனிந்து, விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். சும்மா நிற்பது அவருக்கும் வராது.

"அடிப்படையை மறந்துடறீங்க எல்லாரும். நொதின்னா என்ன? தான் துளிகூட மாறாது. பக்கத்துல இருக்கறதைப் போட்டு விரட்டு விரட்டுன்னு விரட்டும். விதையில இருக்கு, பூஞ்சையில இருக்கு, எச்சில்ல இருக்கு, எங்க இல்ல சொல்லு?"

"தான் மாறாம அடுத்தவங்கள விரட்டறது..." என்றாள் மாணவி மெதுவாக. "சில பேர் ஞாபகம் வருது சார்."

"கரெக்ட்! எங்க பழைய முதல்வர் அப்படியே இதேதான்!"

ஆய்வகத்தைத் துடைக்கும் அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சீருடையின் நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவர் பேராசிரியருக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்தார்.

திங்கட்கிழமை பன்னிரண்டு நிமிடம் தாக்குப்பிடித்த சும்மா குழாய், அன்று எட்டு நிமிடத்தில் பழுப்புக்கு மாறியது.

"சார், குழாய்க்கெல்லாம் மூடி போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டாள் மாணவி.

"மூடியா? அஞ்சு வருஷமா மூடியில்லாமப் பண்ணினதுக்கு இப்ப எதுக்கு மூடி?"

சொல்லிவிட்டு மாடியேறும்போது அந்தக் கேள்வி அவரை உறுத்த ஆரம்பித்தது. இந்தப் பெண் எதை மூடி மறைக்கப் பார்க்கிறாள்?

புதன்கிழமை காலை உணவின்போது மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவர் பேசத் தொடங்கியதும் மனைவி வழக்கம்போல மேசையில் இருந்த பாத்திரங்களுக்கெல்லாம் தட்டுப் போட்டு மூடினாள். சூடு ஆறாமல் இருக்க வேண்டும் என்பதில் அவளுக்கு இருக்கும் அக்கறை கல்யாணமான புதிதிலிருந்தே அவருக்குப் பிடிக்கும்.

"இத்தனை வருஷம் ஒழுங்கா இருந்த பொண்ணு எதுக்குங்க பொய் எழுதப்போகுது? அவசரப்படாதீங்க."

"நான் பாக்காதப்ப நீலம், பாத்தா பழுப்பு. அதுக்கு என்ன அர்த்தம்?"

"அர்த்தம் எனக்கென்ன தெரியும்? அந்தப் பொண்ணு முகத்தைப் பாத்தா எனக்குப் பொய்யாத் தெரியல."

அன்று மாணவியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவரே செய்தார். புதுக் குழாய், புதுக் கரைசல், புதுத் தட்டு. சாட்சிக்கு யாராவது வேண்டுமே என்று அக்காவைக் கூப்பிட்டு எதிரே நிறுத்திக்கொண்டார். ஒவ்வொரு சொட்டுக்கும் விளக்கம் சொன்னார். ஸ்டாப்வாட்ச் கையில் இருந்தும் ஒவ்வொரு நொடியையும் குழாய்களுக்கு மேல் குனிந்து உரக்க எண்ணினார். அக்கா இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

ஐந்தே நிமிடம்! சும்மா குழாய் பழுப்பாகிவிட்டது.

பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இனிச் சந்தேகமே இல்லை. தன் கையால், இவ்வளவு கவனமாகச் செய்தும் இப்படித்தான் வருகிறது என்றால், இவள் நோட்டில் இருக்கும் அத்தனை நீலமும் பொய்.

வியாழக்கிழமை மதியம் அதை அவளிடமே சொன்னார். அவள் அழவில்லை. நோட்டுகளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு தடவை நான் பண்றேன் சார். நீங்க மட்டும் கொஞ்சம் வெளியில நில்லுங்க."

"நான் வெளியில நின்னாத்தான் உன் குழாய் நீலமா இருக்குமே! அதைத்தானேம்மா நான் சொல்றேன்."

அவள் வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மென்று விழுங்கிவிட்டுப் போய்விட்டாள். குற்றம் செய்தவர்கள் அப்படித்தான் விழுங்குவார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஐந்து மணிக்குள் ஆய்வேட்டுக் குழுவுக்குக் கடிதம் போக வேண்டும். 'இம்மாணவியின் அளவீடுகளை நம்புவதற்கில்லை' என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. அவருக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். முதல் நாள் வந்தபோது ஸ்டாப்வாட்ச்சைத் தலைகீழாகப் பிடித்தவள். வாழ்நாள் முழுதும் வேகத்தை அளந்தவருக்கு இந்த ஒரு வேகம் புரியவில்லை. ஐந்து வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த நம்பிக்கை நான்கே நாளில் எப்படிக் கரைந்தது? ஆனாலும் கண்ணால் பார்த்ததை இல்லை என்று எப்படிச் சொல்வது?

அக்கா குப்பைக்கூடையை எடுக்க உள்ளே வந்தார். யாரிடமாவது சொன்னால் தேவலை என்றிருந்தது அவருக்கு. எழுந்து மேசையைச் சுற்றி வந்து, அக்காவின் எதிரே நின்று முழுக்கதையையும் சொன்னார்.

"உண்மையைச் சொல்லுங்க. அந்தப் பொண்ணு தனியாப் பண்ணினப்ப நீங்க பாத்திருக்கீங்களா?"

"தினமும் நான்தானே சார் தட்டு கழுவறேன். அந்த ஓரத்துச் சொட்டு மட்டும் எப்பவும் பளிச்சுனு நீலம். அது போக மாட்டேங்குதுன்னு எத்தனை நாள் திட்டிக்கிட்டே தேய்ச்சிருக்கேன்! வேணும்னா இந்தக் கையைக் கேளுங்க."

பேராசிரியர் திகைத்தார். பொய் சொல்லி இந்த அம்மாவுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

"அப்புறம் ஏன்? ப்ளீஸ், யோசிச்சுப் பாருங்க! பொண்ணு பண்ணினா நீலம், பக்கத்துல நான் போய்ப் பேசினாப் பழுப்பு! இது எப்படி? இப்படியும் ஒரு பொருள் இருக்குமா?"

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சீருடையின் நுனியை எடுத்து முதலில் ஒரு கண்ணாடி, பிறகு இன்னொரு கண்ணாடி என்று நிதானமாகத் துடைத்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார்" என்றார். "நீங்க பேசி முடிச்சா நான் துடைச்சுப் போட்டுக்கறேன். பாவம், அந்தக் குழாய்ங்க என்ன பண்ணும்?"