சாம்பியன் தாத்தா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தப்பு என்மேல் இல்லை. என் தங்கை ஷீலாவின் நிச்சயதார்த்தம் நின்றுபோகப் பார்த்ததற்கு நான்தான் காரணம் என்று எங்கள் கோரமண்டலில் பாதிப் பேரும் பக்கத்துச் சாம்பியனில் முக்கால்வாசிப் பேரும் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். சொல்லட்டும். (வாய் இருக்கிறது, சொல்கிறார்கள்.) காரணம் ஒரே ஒரு வார்த்தை. அதையும் நான் எழுதவில்லை. எந்தக் காலத்திலோ செத்துப்போன ஒரு வெள்ளைக்காரத் துரை எழுதினான். அந்த ஆள் மட்டும் என் கையில் கிடைத்தால்... சரி, கிடைக்கமாட்டான். விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் கோலார் தங்கவயல். சுரங்கத்தை மூடி வருஷக்கணக்கில் ஆகிறது. தங்கம் போய்விட்டது, வயல் என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை. மிச்சமிருக்கிற நாங்கள் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்பி வந்து விழுகிறோம். நான் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறுவேன். என்னோடு வரும் பெண்கள் ரயிலிலேயே அவரைக்காய் உரிப்பார்கள், தூங்குவார்கள், மாமியாரைத் திட்டுவார்கள். எனக்கு மாமியார் இல்லை. அதனால் போனை நோண்டிக்கொண்டிருப்பேன். அப்படி நோண்டும்போதுதான் அது மாட்டியது.

ஏதோ ஒரு வெளிநாட்டு நூலகம். எங்கள் ஊரில் வேலை பார்த்த துரை ஒருவனின் குடும்பத்தார், பரணில் கிடந்த ஆல்பத்தை அங்கே கொடுத்திருக்கிறார்கள். நூலகத்தார் ஒவ்வொரு படத்தையும் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருந்தார்கள். ரயில் பங்காருபேட்டை வருவதற்குள் நான் பைத்தியமாகிவிட்டேன். எங்கள் ஊர்! நான் தினமும் கடக்கிற ஸ்டேஷன்! பேத்தமங்களா ஏரிக்கரையில் துரைகளும் துரைசானிகளும் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்து கேக் தின்கிறார்கள். கீழே இடமிருந்து வலமாக ஒவ்வொருவர் பெயரும் இருக்கிறது. ஒரு துரைசானி பாதி முகம்தான் தெரிகிறாள், அவளுக்கும் பெயர் இருக்கிறது. அப்போது எனக்கு அதில் ஒன்றும் உறைக்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு அடுத்த படம், அடுத்த படம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

ஒரு வாரம் கழித்து அந்தப் படம் வந்தது. எட்டு ஆண்கள். வெறுங்காலோடு, பனியனும் அரைக்கால் சட்டையும் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். தோளில் வடக்கயிறு. நடுவில் ஸ்டூல், ஸ்டூல்மேல் ஒரு கோப்பை. கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: சாம்பியன் டீம், கயிறு இழுக்கும் போட்டி.

இங்கே கொஞ்சம் நிறுத்தி உங்களை ஒன்று கேட்கிறேன். சாம்பியன் என்றால் உங்களுக்கு என்ன? ஜெயித்தவன். எங்களுக்கு அது ஒரு பஸ் ஸ்டாப்! சாம்பியன் ரீஃப் என்று சுரங்கத்துக்கு வைத்த பெயர், ஊருக்கும் அதுவே ஆகிவிட்டது. "சாம்பியன் எறங்கு, சாம்பியன் எறங்கு" என்று கண்டக்டர் கத்துவதைக் கேட்டு வளர்ந்தவள் நான். சாம்பியனில் கரண்ட் இல்லை, சாம்பியனில் பெண் எடுத்தார்கள், சாம்பியனில் ஒருத்தர் தவறிவிட்டார் என்றெல்லாம் தினமும் பேசுகிற ஊரில், சாம்பியன் டீம் என்று பார்த்தால் நான் என்ன நினைப்பேன்? நீங்களே சொல்லுங்கள், இதில் என் தப்பு எங்கே இருக்கிறது?

இந்தச் சமயத்தில்தான் ஷீலாவுக்கு நிச்சயம் கூடி வந்தது. மாப்பிள்ளை வில்சன். அதே ரயில், பக்கத்துப் பெட்டி. சாம்பியன்காரர். இரண்டு பேரும் நான்கு வருஷம் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைத்திருந்தார்கள். வில்சனுக்கு அப்பா இல்லை. பெரியப்பாதான் எல்லாம். ரிட்டயர்டு சுரங்கத் தொழிலாளி. சிரித்து யாரும் பார்த்ததில்லை. இந்தச் சம்பந்தத்துக்கு அவர் அரை மனசோடுதான் தலையாட்டியிருந்தார். ஆனால் தன் தாத்தா ஞானமுத்து கயிறு இழுப்பதில் பெரிய சூரர் என்று பெண் பார்க்க வந்த அன்றே பெருமையாகச் சொன்னார்.

எனக்குப் பளிச்சென்று பல்பு எரிந்தது. சாம்பியன் டீம், கயிறு, தாத்தா! நிச்சயதார்த்தத்தன்று இந்தப் படத்தைப் பெரியப்பா கையில் கொடுத்தால் மனிதர் உருகிவிடமாட்டாரா?

(எங்கள் அப்பாவும் தன் தாத்தா தேவசகாயம் கோரமண்டலுக்குக் கோப்பை வாங்கித் தந்த கதையை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்வார். "டக்கஃபார்ல எங்க தாத்தாவ அசைக்க முடியாது" என்பார். கதை ஆரம்பித்தாலே என் காது தானாக மூடிக்கொள்ளும். டக்கஃபார் என்பது 'டக் ஆஃப் வார்', அதாவது கயிறு இழுப்பது என்று தெரியாமல், ஏதோ ஒரு வகை பிஸ்கட் என்றுதான் பத்தாவது படிக்கும்வரை நினைத்திருந்தேன்.)

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஸ்டுடியோவில் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். இலவசமாக எடுத்ததால் எட்டுப் பேர் மார்பிலும் குறுக்கே அந்த நூலகத்தின் பெயர் மங்கலாக ஓடியது. பரவாயில்லை என்று தங்கக் கலர் ஃபிரேம் போட்டு, கீழே தமிழில் 'சாம்பியன் அணி' என்று கொட்டை எழுத்தில் அடிக்கச் சொன்னேன். யாருக்கும் சொல்லவில்லை. திடீரென்று கொடுத்து அசத்த வேண்டுமாம். எனக்கு எங்கிருந்துதான் இந்தக் கொழுப்பு வந்ததோ.

நிச்சயதார்த்தம் எங்கள் சர்ச் ஹாலில். பாஸ்டர் ஜெபம் செய்து, வசனம் வாசித்து முடித்தார். தட்டு மாற்றுகிற நேரம். "ஒரு நிமிஷம் பாஸ்டர்" என்று நான் எழுந்தேன். ஃபிரேமைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்தேன். "சரித்திரத்திலிருந்து உங்கள் குடும்பத்தின் பெருமையை மீட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்" என்றேன். (ஆமாம், இதே வார்த்தைகள். ரயிலில் ஒத்திகை பார்த்தது.)

பெரியப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். நடுவில், கோப்பைக்குப் பக்கத்தில் நின்ற பெரிய மீசைக்காரர்மேல் விரலை வைத்தார்.

"தாத்தா! ஞானமுத்து தாத்தா! இந்தக் காதப் பாருங்க, எங்க வீட்டுக் காது!" என்று சொல்லி அழவே ஆரம்பித்துவிட்டார். சாம்பியன்காரர்கள் மொத்தமும் சூழ்ந்துகொண்டார்கள். நான் ஹாலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தேன். என் வாழ்க்கையிலேயே நான் மிகவும் அழகாக இருந்த நிமிஷம் அதுதான்.

அதற்குள் அப்பா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாது, ஞானமுத்துவா? இது எங்க தாத்தா தேவசகாயம்! மீசையப் பாருங்கய்யா!"

"இன்னா பேசுறீங்க? கீழ இன்னா எழுதிக்கீது, படிங்க. சாம்பியன் அணி!"

"எவன் எழுதனான்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ரீட்டா," என்றார் அப்பா, "பொறந்ததுலேந்து சொல்லிக்கினு கீறனே, கோரமண்டலுக்குக் கப்பு வாங்கித் தந்தாருன்னு. நம்ம தாத்தாவத் தூக்கி அடுத்த வூட்டுக்குக் குடுத்துட்டியே!"

"அப்பா, அதுல சாம்பியன்னு..."

"ஜெயிச்சவன் சாம்பியன்டீ!"

இதில் கொடுமை என்ன தெரியுமா? எங்கள் அப்பா தன் தாத்தாவைப் பார்த்ததே இல்லை. பெரியப்பா கைக்குழந்தையாக இருந்தபோதே அவர் தாத்தா போய்விட்டார். இரண்டு வீட்டிலும் ஒரு போட்டோ கிடையாது. ஒருத்தருக்குக் காது சாட்சி, இன்னொருத்தருக்கு மீசை சாட்சி. இதை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சட்டையைப் பிடிக்காத குறை. சண்டை அடுத்த லெவலுக்குப் போனது. (எங்கள் சுரங்க ஊரில் அடுத்த லெவல் என்றால் மேலே போவது இல்லை, இன்னும் ஆழமாகக் கீழே இறங்குவது.)

"தாத்தாவையே திருடுற வூட்ல பொண்ணு எடுக்கறதா? எடுங்கடா தட்ட!" என்றார் பெரியப்பா. பழத்தட்டு, பூத்தட்டு, புடவைத்தட்டு எல்லாம் கிளம்பத் தொடங்கின. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஷீலா என் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "உன்ன யாருக்கா கேட்டா? நாலு வருசம்க்கா!" என்றாள். மை கரைந்து கன்னத்தில் ஓடியது.

"எல்லாரும் இருங்க! மூலப் படத்தையே காட்டறேன்!" என்று கத்தினேன். அந்த ஹாலில் ஜன்னல் ஓரத்தில் மட்டும்தான் சிக்னல் வரும். பட்டுப் புடவையோடு பெஞ்சுமேல் ஏறிப் போனைத் தூக்கிப் பிடித்தேன். வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது. இரண்டு குடும்பமும் தட்டுகளோடு கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறது. படம் வந்தது. பெரிதாக்கிக் காட்டலாம் என்று தொட்டேன். விரல் வழுக்கி அடுத்த படத்துக்குப் போய்விட்டது. பதற்றத்தில் கவனிக்காமல், எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்கிற திமிரில், கீழே இருந்ததைச் சத்தமாகத் தமிழில் படித்துவிட்டேன்.

"சாம்பியன் நாய் ரெக்ஸ், கோரமண்டல்."

திரையில் ஒரு வெள்ளை நாய், பக்கத்தில் கோப்பையோடு, உட்கார்ந்திருந்தது.

"சாம்பியன் நாயி கோரமண்டல்ல இன்னா பண்ணுது?" என்று யாரோ கேட்டார்கள்.

அப்பா முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா! சாம்பியன்னா ஊரு இல்ல, ஜெயிச்சது!" என்றார். அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடினாரா? பெரியப்பா பக்கம் திரும்பி, "இல்ல, இவரு யாருங்க? உங்க சின்னத் தாத்தாவா?" என்றார்.

முடிந்தது என்று நினைத்தேன். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். வில்சன்தான் குறுக்கே பாய்ந்து என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். நாய்ப் படத்தைப் பார்த்தார். பின்னால் தள்ளி எட்டுப் பேர் படத்தைப் பார்த்தார். திரும்பவும் நாய்.

"பெரியப்பா, இங்க பாருங்க. நாய்க்குப் பேர் போட்டுக்கீறான்."

"அதுக்கு இன்னா இப்ப?"

"நம்மாளுங்க எட்டுப் பேரு நிக்கிறாங்க. ஒருத்தருக்கும் பேர் போடல."

பெரியப்பா போனை வாங்கி மூக்குக்கு நேராக வைத்துக்கொண்டார். "நாய்க்கா பேரு?" என்று மெதுவாகக் கேட்டார். நான் பெஞ்சிலிருந்து இறங்கி, இந்த முறை முழுவதையும் படித்துக் காட்டினேன். நாயின் பெயர், நாயின் இனம், நாயை வளர்த்த துரையின் பெயர், எல்லாம் இருந்தது. பேத்தமங்களா ஏரிக்கரையில் பாதி முகம் தெரிந்த துரைசானிக்கும் பெயர் இருந்தது அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

"படுபாவி!" என்றார் பெரியப்பா.

"எச்சக்கல!" என்றார் அப்பா.

"கீழ எறங்கி கல்லு ஒடச்சது நம்ம ஆளு. பேரு நாய்க்கா?"

"கேளுங்க சம்பந்தி! நல்லாக் கேளுங்க!"

சம்பந்தி என்று சொன்னதை அப்பாவே கவனிக்கவில்லை. இரண்டு பேரும் தோளோடு தோள் உரச நின்று, அந்தச் செத்துப்போன துரையைத் தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் தொட்டு, கன்னடத்தில் விளாசி, அவனுக்குப் புரியவேண்டும் என்று கடைசியில் இங்கிலீஷிலும் திட்டினார்கள். சர்ச் ஹால் என்பதையே மறந்துவிட்டார்கள். பாஸ்டர் பிழைக்கத் தெரிந்தவர். அந்தக் கோபம் ஆறுவதற்குள் தட்டை மாற்றி, மோதிரத்தைப் போடவைத்து, "ஆமென்" சொல்லி முடித்துவிட்டார்.

சாப்பாட்டுப் பந்தியில் மறுபடி காதா மீசையா என்று கிளம்பியது. பாயசத்தோடு பாஸ்டர் தீர்ப்புச் சொன்னார்: படம் ஷீலாவும் வில்சனும் குடித்தனம் போகிற வீட்டில் மாட்டப்படும். 'சாம்பியன் அணி' எழுத்தைக் கிழித்துவிட வேண்டும். கீழே யார் பெயரும் எழுதக்கூடாது. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். அந்த நூலகத்துக்கு நான் காரமாக ஒரு மெயில் தட்டினேன். தகவலுக்கு மிக்க நன்றி, அவர்களுடைய பெயர்கள் தெரிந்தால் தக்க சான்றோடு அனுப்பவும் என்று பதில் வந்தது. சான்றாம்! ஒரு காதையும் ஒரு மீசையையும் எப்படி அட்டாச் செய்வது?

இவ்வளவு தேடிக் கண்டுபிடித்ததற்கு யாராவது எனக்கு ஒரு நன்றி சொன்னார்களா? ரயிலில் என் பெயரே 'சாம்பியன் அக்கா' என்று ஆகிவிட்டது. வில்சன் இன்னும் ஒரு படி மேலே போய், நாய்ப் படத்தையும் பிரிண்ட் போட்டு, அதே தங்கக் கலர் ஃபிரேமில், தாத்தா பக்கத்திலேயே மாட்டிவைத்திருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். ஷீலாவின் மகளுக்கு இப்போது மழலை போய் வாய் நீண்டுவிட்டது. நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டு வந்தவர்களுக்கு விளக்கம் கொடுத்தாள். மீசைக்காரர்மேல் விரல் வைத்து, "இது எங்க தாத்தா" என்றாள். அப்பாவும் பெரியப்பாவும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். அவள் சொன்னது எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் விரல் பக்கத்துப் படத்துக்குப் போனது.

"இது ரெக்ஸு. ரீட்டா பெரிம்மாவோட தாத்தா."

வீடே சிரித்து உருண்டது. விருந்தாளி ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி பாப்பா, உங்க தாத்தா பேரு இன்னா?" என்று கேட்டார்.

அவள் படத்தின் கீழே பார்த்தாள். அங்கே எதுவும் இல்லை. எங்கள் அப்பாவைப் பார்த்தாள், பெரியப்பாவைப் பார்த்தாள். இரண்டு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தாத்தாதான்" என்றாள்.