ராதிவோயின் நார்வே நண்பர்

"மேடம், கார்டு கருகிப் போச்சு," என்றார் ராதிவோய்.

"எந்தக் கார்டு?"

"டிஸ்க் கன்ட்ரோலர் கார்டு. சர்வருக்குள்ள இருக்கே, அது. டிஸ்க்கையெல்லாம் அதுதான் மேய்க்கும்."

நிலப் பதிவு அலுவலகத்தின் இயக்குநர் தெசாங்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாருக்கோ ஏழரை ஆரம்பம் என்பது எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"அப்ப அந்த யூனிக்ஸ் சர்வர் செத்துப் போச்சுன்னு சொல்லுங்க."

"சாகல மேடம். மயக்கம்தான். சுபோட்டிட்சாவுல ஒருத்தன்கிட்ட வேற கார்டு வாங்கி வச்சிருக்கேன். மாட்டினா எழுந்து உக்காந்துடும்."

"இன்னிக்கு புதன். வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணி வரைக்கும் டைம். அதுக்குள்ள ஓடலேன்னா டேப்புல இருக்கற நகலை மாவட்டத்துக்காரங்ககிட்ட கொடுத்துட்டு, சர்வரை எடைக்குப் போட்டுடுவேன். அப்புறம் உங்களுக்கு எதுக்குத் தனி ரூம்? நடுவுல இருக்கற பலகைச் சுவரை எடுத்துட்டு ஓஸ்டோயா கூடவே உக்காந்துக்கோங்க."

வேலையே போயிருந்தால்கூட ராதிவோய் அவ்வளவு கலங்கியிருக்க மாட்டார்.

ராதிவோயும் ஓஸ்டோயாவும் பதினொரு வருஷம் ஒரே ரூமில் இருந்தவர்கள். ஒரே பாத்திரத்தில் காபி, ஒரே பாக்கெட்டில் சிகரெட். சர்வரைப் பெட்டியோடு மாடிக்குத் தூக்கி வந்து, கையேட்டைப் பிரித்து அதை ஓட்டக் கற்றுக்கொண்டதும் அந்த இருவர்தான். ஒரு ஆகஸ்ட் மாதம் சர்வருக்கு உஷ்ணம் தாங்கவில்லை என்று ராதிவோய் ஜன்னலைத் திறந்தார். கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. குறுக்குக் காற்று நேராக ஓஸ்டோயாவின் பிடரியில் அடித்தது. எங்கள் செர்பியாவில் பாம்பைக் கையால் பிடிக்கிற ஆள்கூடக் குறுக்குக் காற்று என்றால் மஃப்ளரைத் தேடுவான். ஓஸ்டோயாவின் கழுத்து ஒரு வாரம் இடப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. "இரும்புப் பெட்டி பெரிசா, என் கழுத்து பெரிசா?" என்று அவர் கேட்டார். ராதிவோய் கொஞ்சம் யோசித்துவிட்டார். அந்த யோசனைதான் தப்பு.

அதோடு பேச்சு நின்றது. பலகைச் சுவர் எழுந்தது. நில அளவை வரைபடக்காரரான ஓஸ்டோயா, தன் மேஜையிலிருந்த கம்ப்யூட்டரைத் தூக்கி வராந்தாவில் வைத்துவிட்டு, "அவன் கை வச்ச கம்பி எதுவும் என் பக்கம் வரக்கூடாது," என்றார். அன்றிலிருந்து பென்சிலும் ஸ்கேலும்தான். இந்தப் பக்கம் மின்விசிறி கொஞ்சம் சத்தம் போட்டால் அந்தப் பக்கத்திலிருந்து சுவரில் மூன்று குத்து விழும். ஆறு வருஷமாக இருவருக்கும் நடுவில் ஏதாவது பேச வேண்டியிருந்தால், காபி போடுகிற ஜிவ்கா அக்காதான் தட்டோடு சேர்த்துச் செய்தியையும் எடுத்துப் போவார். வீம்பு என்று வந்துவிட்டால் எங்கள் ஆட்கள் வீட்டுக்கு நெருப்பு வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரன் புகையில் இருமுகிறான் என்று சந்தோஷப்படுவார்கள்.

ராதிவோய் புதுக் கார்டை மாட்டினார். சர்வர் எழுந்து உட்காரவில்லை. 'டிஸ்க் எதுவும் இல்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டு நின்றது. கார்டு பேசுவது சர்வருக்குப் புரியவில்லை, சர்வர் பேசுவது கார்டுக்குப் புரியவில்லை. நடுவில் நின்று இங்கே சொன்னதை அங்கே சொல்ல ஒரு டிரைவர் வேண்டும். கிட்டத்தட்ட ஜிவ்கா அக்கா பார்க்கிற வேலை. கார்டு செய்த கம்பெனியோ இவ்வளவு பழைய யூனிக்ஸுக்கு டிரைவர் எழுதுவதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தது.

தன் மேஜைக் கம்ப்யூட்டரில் இரண்டு மணி நேரம் வலை வீசித் தேடியதில் ஒன்று அகப்பட்டது. யாரோ ஒரு புண்ணியவான் சும்மா பொழுதுபோக்குக்கு எழுதி, இலவசமாகப் போட்டிருந்தார். பெயர் இல்லை. 'சந்தேகம் இருந்தால் எழுதவும்' என்று ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டும் இருந்தது.

ராதிவோய் எழுதினார். ஐந்தே நிமிஷத்தில் பதில் வந்தது.

"ஐயா, டிரைவரை ஃப்ளாப்பியில்தான் கொடுக்க வேண்டும். உங்கள் சர்வர் வேறு எதையும் ஏற்காது. நிதானமாகச் செய்யவும்."

"அஞ்சு நிமிஷம் அக்கா, அஞ்சே நிமிஷம்," என்று காபி கொண்டுவந்த ஜிவ்காவிடம் ராதிவோய் வியந்தார். "நம்ம நாட்டுல ஒரு மனு கொடுத்தா பதில் வர்றதுக்குள்ள மனு கொடுத்தவன் போய்ச் சேர்ந்துடுவான்." ஜிவ்கா போனதும், இவர் கண்டிப்பாக நார்வேக்காரர்தான் என்று தனக்குள் முடிவு கட்டினார்.

ஏன் நார்வே என்று கேட்டால் அவரிடம் பதில் கிடையாது. ஒழுங்கான மனுஷர்கள் எல்லோரும் வடக்கே இருக்கிறார்கள் என்பது அவருடைய பொதுவான அபிப்பிராயம். இன்னொரு சௌகரியமும் இருந்தது. இருவருடைய ஆங்கிலமும் ஒரே காலில் நொண்டியதால் ஒருவர் எழுதியது இன்னொருவருக்கு நன்றாகப் புரிந்தது.

ஊரில் ஃப்ளாப்பி இருக்கிற ஒரே இடம் சதுக்கத்துக்கு அந்தப் பக்கம் ஸ்மில்யா நடத்தும் பூவேலைக் கடை. அவளுடைய தையல் மெஷின் இன்னும் ஃப்ளாப்பியில்தான் பூவும் சேவலும் வாங்கித் தைத்துக்கொண்டிருந்தது. ஸ்மில்யா கொடுத்த முதல் ஃப்ளாப்பி கெட்டுப்போயிருந்தது. அவள் உள்ளே நூல் எடுக்கப் போயிருந்த நேரத்தில் ராதிவோய் மேஜையில் கிடந்த இன்னொன்றை எடுத்து, அவள் கம்ப்யூட்டரிலேயே அழித்து, டிரைவரை ஏற்றிக்கொண்டு, மேஜைமேல் சாக்லேட் ஒன்றை வைத்துவிட்டு வந்தார்.

வியாழன் காலை தெசாங்கா அவர் ரூம் வாசலில் நின்றார். கண்ணாடி கையில் இருந்தது.

"ராதிவோய், என் தங்கச்சி பொண்ணு கல்யாணத்துக்கு நாப்பது துண்டு பூவேலைக்குக் கொடுத்திருந்தோம்."

"நல்ல விஷயம் மேடம். வாழ்த்துகள்."

"எல்லாத் துண்டுலயும் பொண்ணு பேரு மட்டும்தான் இருக்கு. மாப்பிள்ளை பேரு ஒரு ஃப்ளாப்பியில இருந்துச்சாம். அந்த ஃப்ளாப்பி இப்ப உங்க சர்வருக்குள்ள இருக்கறதா ஸ்மில்யா சொல்றா."

ராதிவோய் நகர்ந்து சர்வரை உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"பன்னெண்டு மணின்னா பன்னெண்டு மணிதான். தச்சருக்குச் சொல்லியாச்சு," என்று சொல்லிவிட்டுத் தெசாங்கா போனார்.

மாப்பிள்ளையைக் காவு வாங்கிய அந்த டிரைவர் வேலை செய்தது. அதுதான் அடுத்த வம்பு. கார்டு டிஸ்க்குகளைப் பார்த்துவிட்டது, ஆனால் பழைய கார்டு இந்த முனையிலிருந்து எண்ணியதை இது அந்த முனையிலிருந்து எண்ணியது. முதல் டிஸ்க்கைத் தேடிப் போன சர்வர் ஆறாவது வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. ராதிவோய்க்கு நார்வேயைக் கேட்கப் பொறுமை இல்லை. வயர்களைப் பிடுங்கி, முன்னே இருந்ததைப் பின்னே, பின்னே இருந்ததை முன்னே மாற்றிச் செருகினார். இப்போது கார்டு ஒரு டிஸ்க்கையும் அடையாளம் தெரியாமல் விழித்தது. 'இவை அறிமுகமில்லாத டிஸ்க்குகள். புதிதாகத் தயார் செய்யட்டுமா? ஆம் என்றால் ஒய், இல்லை என்றால் என்' என்று மரியாதையாகக் கேட்டது.

தயார் செய்வது நல்ல விஷயமாகத்தான் ராதிவோய்க்குப் பட்டது. இருந்தாலும் ஒரு வார்த்தை எழுதிப் போட்டார்: "டிஸ்க்குகளைத் தலைகீழாக எண்ணியது. வயர்களை மாற்றிச் செருகினேன். புதிதாகத் தயார் செய்யட்டுமா என்று கேட்கிறது. ஒய்-யை அழுத்தப் போகிறேன்."

அனுப்பிவிட்டு விரலை நீட்டினார். சுவரில் குத்து விழுந்தது. மூன்று இல்லை, ஏழெட்டு. மாட்டியிருந்த காலண்டர் கீழே விழுந்தது.

"பாருங்கக்கா, மனுஷனை வேலை செய்ய விடறானா பாருங்க," என்றார் ராதிவோய், உள்ளே வந்த ஜிவ்காவிடம். "விசிறிகூட ஓடல. சும்மா கெடக்கற சுவரைக் குத்தறான்."

"ஏதாவது அவசரமா இருக்கும் தம்பி," என்றார் ஜிவ்கா, காபியை வைத்துக்கொண்டே.

"அவசரம்னா டாய்லெட்டுக்குப் போகட்டும். என் சுவரை எதுக்குக் குத்தணும்?"

அவர் சுவரைப் பார்த்துத் திட்டி முடிப்பதற்குள் பதில் வந்திருந்தது.

"அழுத்தாதீர்கள். அழுத்தாதீர்கள். எல்லாம் அழிந்துவிடும். டேப்பிலிருந்து மறுபடி ஏற்ற நான்கு நாள் ஆகும். என்-ஐ அழுத்துங்கள். வயர்களைப் பழைய இடத்தில் செருகுங்கள். பிறகு கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, காபி ஆறுவதற்குள் குடியுங்கள்."

ராதிவோய் வியர்த்துப்போய் என்-ஐ அழுத்தினார். ஊர் நிலம் முழுவதும் ஒரு எழுத்துத் தூரத்தில் தப்பித்தது. உட்கார்ந்து காபியைக் குடித்தார். முன்பின் தெரியாத ஒரு ஆள், பனியும் கடலும் தாண்டி எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, தன் காபி ஆறிப்போகக் கூடாது என்று கவலைப்படுகிறார். பக்கத்திலேயே இருக்கிறவனுக்கு அந்த எண்ணம் வருமா? மனசு தாங்காமல் பெரிய கடிதமாக எழுதிவிட்டார்.

"நண்பரே, உங்களிடம் சொல்வதற்கு என்ன? வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் இது ஓடாவிட்டால் ஓஸ்டோயா என்கிற ஆளோடு ஒரே அறையில் என்னை உட்கார வைத்துவிடுவார்கள். அவன் ஒரு கழுதை. கழுத்து வலிக்காக ஆறு வருஷம் பேசாமல் இருக்கிற கழுதை. ஒரு காலத்தில் அவன் இல்லாமல் நான் சாப்பிடப் போனதில்லை. அது வேறு விஷயம். நீங்கள்தான் என்னைக் காப்பாற்ற வேண்டும்."

எப்போதும் ஐந்து நிமிஷத்தில் வரும் பதில் இந்த முறை நாற்பது நிமிஷம் கழித்துத்தான் வந்தது.

"அப்படியானால் இதை ஓட வைத்தே ஆக வேண்டும். உங்களோடு ஒரே அறையில் இருக்கும்படி ஆவது அந்தக் கழுதைக்கும் நல்லதில்லை. டிஸ்க்குகளைப் பழைய வரிசையிலேயே எண்ணும்படி டிரைவரை மாற்றி எழுதுகிறேன். நாளைக் காலை பத்து மணிக்கு அனுப்புவேன். அதுவரை எதையும் தொடாதீர்கள். தயவுசெய்து."

"எனக்காக உக்காந்து மாத்தி எழுதறார் அக்கா," என்றார் ராதிவோய். "கூடப் பொறந்தவன் செய்வானா இதை?"

"செய்ய மாட்டான் தம்பி," என்று ஜிவ்கா ஒத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை சரியாகப் பத்து மணிக்குப் புது டிரைவர் வந்தது. ராதிவோய் சதுக்கத்தைத் தாண்டி ஓடினார். ஸ்மில்யா கடை வாசலிலேயே கத்தரிக்கோலோடு நின்றாள்.

"ஒரே ஒரு ஃப்ளாப்பி, ஸ்மில்யா. இந்தத் தடவை கேட்டு எடுக்கறேன்."

"மாப்பிள்ளையை மறுபடி வரைஞ்சு முடிக்க ஒரு நாள் ஆச்சு எனக்கு. இதுல அவங்க அம்மா பேரு இருக்கு. அது போனா அந்தக் கல்யாணத்துக்கே நல்லதுதான்," என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

பதினொன்றரைக்கு ராதிவோய் திரும்பி வந்தபோது, தச்சர் ஏணியைப் போட்டு பலகைச் சுவரின் மேல் வரிசை ஆணியைக் கழற்ற ஆரம்பித்திருந்தார். தெசாங்கா கடிகாரத்தைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வராந்தாவில் பத்திரத்துக்குக் காத்திருந்தவர்கள் ஒருவர் தோள்மேல் ஒருவராக எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னும் முப்பது நிமிஷம் இருக்கு மேடம். ஆளை இறங்கச் சொல்லுங்க."

"ஆணியை மட்டும்தான் கழட்டறான். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

ஃப்ளாப்பி உள்ளே போனது. பழைய ஃப்ளாப்பிகள் கரகரவென்று தொண்டையைச் செருமும், பிறகு யோசிக்கும், மறுபடி செருமும். பதினொன்று நாற்பதுக்கு டிரைவர் ஏறியது. நாற்பத்தைந்துக்கு டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகப் பழைய வரிசையில் தலைகாட்டின. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் நின்றது. ஏணிமேல் இருந்த தச்சர் ஆணியைக் கழற்றுவதை விட்டுவிட்டு அவரும் வாய் பிளந்து பார்த்தார். அந்தப் பக்கம் பென்சில் சத்தம்கூட இல்லை. ஐந்து. ஆறு. பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு சர்வர் பெருமூச்சு விட்டு எழுந்து, யார் வந்திருப்பது, பெயரைச் சொல் என்று கேட்டது.

வராந்தாவில் யாரோ கை தட்டினார்கள். தெசாங்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவர் முகத்தில் சந்தோஷம் பாதிதான் இருந்தது.

"சரி. ஜெயிச்சுட்டீங்க. ஆணியை அடிச்சுடுங்க," என்று தச்சரிடம் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது, "ஆறு வருஷம், ரெண்டு கெழவனுங்க," என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

எல்லோரும் போனபின் ராதிவோய் அலமாரியின் அடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். அவர் அப்பா காய்ச்சிய ராக்கியா, பிளம் பழச் சாராயம், பதினான்கு வருஷம் ஆனது. மகள் கல்யாணத்துக்குக்கூடத் திறக்கவில்லை. துணியைச் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து, "நண்பரே, ஒரு பாட்டில் ராக்கியா அனுப்புகிறேன். உங்கள் முகவரி வேண்டும். மறுக்கக் கூடாது," என்று நார்வேக்கு எழுதினார்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று, பதில் வரவில்லை. இன்னொன்று எழுதினார். அதற்கும் இல்லை. அப்போது ஜிவ்கா காபியோடு வந்தார்.

"அக்கா, தபாலாபீஸ்ல உங்களுக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்களே, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க. இந்த பாட்டிலை நார்வேக்கு அனுப்பணும். மூணு நாளா என்னைத் தூக்கி நிறுத்தின மனுஷன், அட்ரஸ் கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறார்."

ஜிவ்கா தட்டை மெதுவாக மேஜைமேல் வைத்தார். ராதிவோயையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நார்வேயா? வரைபடத்துக்கு அடியில கம்ப்யூட்டரை ஒளிச்சு வச்சுக்கிட்டு அந்த மனுஷன் உங்களுக்குப் பதில் எழுதறதைப் பாத்துட்டு, கடுதாசியிலயாவது ரெண்டு பேரும் பேசிக்கறீங்களேன்னு நான் கோயில்ல மெழுகுவத்தி ஏத்தி வச்சிட்டு வந்திருக்கேன் தம்பி. தபாலெல்லாம் வேணாம், எழுந்து போங்க, பக்கத்து ரூம்ல ஓஸ்டோயா அப்போலேருந்து கிளாஸைக் கழுவி வச்சுட்டு உக்காந்திருக்கார்."