ஆறு மணிக்குப் புறப்பட்ட போட்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

அந்தமானிலிருந்து சங்கவி எழுதுவது. வணக்கம். நலம் விசாரிக்கும் அளவுக்கு நமக்குள் பழக்கமில்லை. ஆனாலும் நலமாக இருங்கள். 'பலகை சொன்னால் சரி' என்ற என் கதையை அடுத்த இதழில் வெளியிடுவதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். இதைச் சொல்ல நான்கு முறை போன் செய்தேன். நீங்கள் "ஹலோ" என்றதும் வைத்துவிட்டேன். பேசாமல் வைத்த அந்த நான்கு அழைப்புகளும் என்னுடையவைதான்; மன்னிக்கவும்.

கதை உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு தீவில் அரசாங்கம் பலகையில் எழுதுவதுதான் உண்மை. மழை இல்லை என்று எழுதினால் மக்கள் நனைந்துகொண்டே குடையை மடக்குவார்கள். பலகை எழுதுபவருக்குப் படிக்கத் தெரியாது. எல்லாம் கற்பனை. ஆனால் எங்கள் ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், போட் நேரத்தைப் பலகையில் எழுதுவது என் அப்பா ஒச்சப்பன். ஜெட்டி குமாஸ்தா பாபு எழுதிக் கொடுக்கும் இந்தி எழுத்துகளைக் கோலம் மாதிரி பார்த்துப் பார்த்துப் போடுவார். பதினெட்டு வருடமாகத் தினக்கூலி. நிரந்தரமாக்கும் லிஸ்ட் இந்த மாதம் வருகிறது. கதையை அனுப்பும்போது இது ஏன் தோன்றவில்லை என்று கேட்பீர்கள். எனக்கு எல்லாமே தபாலில் போட்ட பிறகுதான் தோன்றும்.

சரி, மாற்றி எழுதிவிடலாம் என்று தீவைப் பாலைவனமாக்கினேன், போட்டை ஒட்டகமாக்கினேன், பக்கத்து வீட்டு சுதா அக்காவிடம் காட்டினேன், அவர் இரண்டு பக்கம் படித்துவிட்டு, "ஏன்டி, ஒட்டகம் ரிப்பேர்னு நிக்குது, ஜனம் பையோட காத்துக் கெடக்குது, இது நம்ம ஜெட்டிதானே?" என்றார், ஒட்டகத்தை விட்டுவிட்டு நிலாவுக்குப் போனேன், "நிலாவுல எவன்டி பான் மென்னு துப்புறான்? நம்ம ஜெட்டி பாபுவேதான்" என்றார், பான் மெல்வதை நீக்கினேன், பாபுவை நீக்கினேன், அரசாங்கத்தை எடுத்துவிட்டு வானிலை என்று போட்டேன், கடைசியில் பலகை மட்டும் மிஞ்சியது, அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

இப்படிப்பட்ட அரசாங்கங்களைப் பற்றிய நாவல்களைக் கல்லூரி நூலகத்தில் பயந்து பயந்து படித்திருக்கிறேன். அவற்றில் உண்மையைத் திருத்த ஒரு பெரிய இலாகாவே இருக்கும், ஆயிரம் பேர் வேலை பார்ப்பார்கள். இங்கே யாரும் என்னை மிரட்டவில்லை. ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்லை. ஒரு ரப்பரை வைத்துக்கொண்டு நான் ஒருத்தியே இலாகா முழுவதையும் நடத்துகிறேன், அதுவும் சம்பளமில்லாமல்.

ஆகவே கதையைக் கிழித்துவிடவும். இங்கே எல்லாப் போட்டுகளும் நேரத்துக்குக் கிளம்புகின்றன. இந்தக் கடிதமே இன்று மாலை ஆறு மணி போட்டில்தான் வருகிறது. உங்கள் பத்திரிகையும் வீட்டாரும் குறைவின்றி இருக்கட்டும்.

பணிவுடன்,
ஒ. சங்கவி

பின்குறிப்பு: மணி ஏழு. 'ஆறு மணி போட் புறப்பட்டது' என்று பலகையில் இருக்கிறது. போட் ஜெட்டியிலேயே கட்டியிருக்கிறது. மேலதிகாரி பார்வையிட வருகிறாராம்; பலகையில் தாமதம் தெரியக்கூடாதாம். சுதா அக்கா மடியில் பையோடு உட்கார்ந்து, "கெளம்பிட்டோம்னு போர்டு போட்டாச்சு, சோத்துக்கு ஒலைய வச்சிரு" என்று தங்கையிடம் போனில் சொல்கிறார். அப்பாவுக்குப் பலகையைப் படித்துக் காட்டினேன்.

கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே இருந்தார். "பாபு எழுதிக் குடுத்தாரு, எழுதுனேன். சுதா சொன்ன ஒன் கதையும் இதுதானாத்தா?"

"ஆமாப்பா. போட வேணாம்னு எழுதிட்டேன். லிஸ்ட் வருதுல்ல."

"லிஸ்ட்டு பதினெட்டு வருசமா வந்துக்கிட்டுதான் இருக்கு. நீ போடச் சொல்லு."

எழுதுபவருக்குப் படிக்கத் தெரியாது என்ற வரியை மட்டும் எடுத்துவிடட்டுமா என்றேன்.

"எதுக்கு? அது நெசந்தானே."

முதலில் அனுப்பிய கதையை அப்படியே போடுங்கள் ஐயா. போட் கிளம்பினால் இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேரும்.